உள்பக்கம் அரை எட்டு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்லுகிற கதை இல்லை இது. எட்டே எட்டு நிமிஷம் நடந்தது, அதிலும் முக்கால்வாசி ஒரு பெண்ணின் மண்டைக்குள் நடந்தது. அந்தப் பெண் பேர் பியூலா. தூத்துக்குடியில் எறால் கம்பெனியில் தோல் உரிக்கிற வேலை, வயசு இருபத்தாறு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு, டயர் கடைக்கு மேல்மாடியில் லிங்கதுரை அண்ணாச்சி நடத்துகிற கேமிங் கடையில், பஞ்சு பிதுங்கின சோபாவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், தோள் தோளோடு இடிக்கிற மாதிரி, சுகிர்தா. பாலிடெக்னிக் நாளிலிருந்து கூட்டாளி. இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்கிற இடத்தில் வேலை. கெட்டிக்காரி என்று ஊரே சொல்லும். எதிரே பெரிய டிவி. அதில் ஆகாயத்தில் ஒரு மேடை தொங்கிற்று. மேடை மேல் இரண்டு பேர் சண்டை போட வேண்டும். இந்த விளையாட்டில் அடிபட்டுச் சாகிறதில்லை. மேடையை விட்டு வெளியே தள்ளப்பட்டு, திரும்பி ஏற முடியாமல் கீழே விழுந்தாலோ, அடித்த வேகத்தில் திரையைத் தாண்டிப் போய் வெடித்தாலோதான் சாவு. அடி வாங்க வாங்க அவரவர் பேருக்குக் கீழே ஓர் எண் ஏறும், எண் ஏற ஏற ஆள் பஞ்சாகி ஒரு தட்டுக்கே தூரமாய்ப் பறக்கும். ஆளுக்கு மூன்று உயிர். கடிகாரம் எட்டு நிமிஷம். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு: வருஷத்துக்கு ஒரு தரம் போட்டி, ஜெயித்த ஆள் மார்க்கர் எடுத்து மேற்குச் சுவரில் ஒரு வித்தையின் பேரையும் அதைக் கண்டுபிடித்த ஆளின் பேரையும் எழுதலாம். எழுதினால் எழுதினதுதான். வெள்ளையடிக்கிறபோதுகூட அண்ணாச்சி அந்தச் சுவரை விட்டுவிட்டுத்தான் அடிப்பார். தான் ஜெயித்தால் என்ன எழுதுவேன் என்று சுகிர்தா ஒரு மாசமாய் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். ‘வழுக்குப்பிடி, சுகிர்தா.’ வழுக்குப்பிடி பியூலாவுடையது. அது அவளுடையது என்பது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் அந்த ஒரே சோபாவில் இருந்தார்கள்.

அண்ணாச்சி பவுடர் டப்பாவைக் கவிழ்த்து இரண்டு பேர் உள்ளங்கையிலும் தட்டினார், வேர்வைக்கு. “கையைக் குடுத்துக்கிடுங்க பிள்ளைகளா. சண்டை டிவிக்குள்ள மட்டுந்தான், கேட்டியளா?” சுகிர்தா கையை நீட்டினாள், பிடித்தாள், பிடித்ததும் புருவத்தைத் தூக்கினாள். “என்னட்டி, இன்னைக்குக் கை சுடுது? எப்பவும் எறால் மாதிரி ஜில்லுன்னு கெடக்குமே.” “லீவு,” என்றாள் பியூலா. ஐந்து வாரத்துக்குப் பிறகு அவளிடம் பேசின முதல் வார்த்தை அது. ஐந்து வாரமாய் எவ்வளவு வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள், குளிக்கிறபோது ஒன்று, கம்பெனி வேனில் ஒன்று, உரித்த எறாலைத் தட்டில் போடப் போட ஒன்று என்று, எல்லாம் கூர் தீட்டின வார்த்தை, கடைசியில் வாயில் வந்தது லீவு. சரி போகட்டும், கை பேசும் என்று நினைத்தாள், அதற்குள் திரையில் மூன்று, இரண்டு, ஒன்று ஓடி இரண்டு கீரிகள் மேடையில் குதித்தன. பழுப்புக் கீரி பியூலா. வெள்ளைக் கீரி சுகிர்தா. அதுவும் ஒன்று பாருங்கள், சுகிர்தா எப்போதும் கரடி வைத்துத்தான் விளையாடுவாள், கனமான ஆள், மெதுவான ஆள், தள்ளினால் நகராத ஆள். வழுக்குப்பிடி கரடிக்கு வராது, கீரிக்குத்தான் வரும், அதனால் கரடியை விட்டுவிட்டுக் கீரிக்கு மாறிவிட்டாள். நாம் சேலை எடுத்த கடையிலேயே தானும் சேலை எடுத்து, அதே சேலையைக் கட்டிக்கொண்டு எதிரே வந்து நிற்கிற மாதிரி இருந்தது. இடது பெருவிரல், கன்ட்ரோலரில் ஆளை நகர்த்துகிற குட்டிக் குச்சி இருக்கிறதே, அந்த ஸ்டிக்கின் மேல் உட்கார்ந்தது. சின்னத் தாவல், உச்சியில் ஸ்டிக்கைக் கீழே ஒரு தட்டு, கீரி கல் மாதிரி விழுந்து உதைத்தது. சின்னத் தாவல், தட்டு, உதை. பெரிதாய்த் தாவுகிறவன் ஆகாயத்தில் ரொம்ப நேரம் நிற்பான், நிற்கிறவனை அடிக்கலாம், அதனால் பித்தானை முழுசாய் அமுக்காமல் சுடுசட்டியைத் தொட்ட மாதிரி தொட்டு எடு என்று சுகிர்தாவுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? இந்த வாய்தான். இதே சோபாவில்தான். வெள்ளைக் கீரியும் சுடுசட்டியைத் தொட்டுத் தொட்டு எடுத்தது.

முதல் உயிர் சுகிர்தாவுடையது போயிற்று, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வெள்ளைக் கீரியின் எண் தொண்ணூறைத் தாண்டினதும் பியூலா ஓர் உதை விட்டாள், அது மேடைக்கு வெளியே பறந்தது, பறந்தபடியே ஆகாயத்தில் மிச்சமிருக்கிற ஒரே தாவலைப் போட்டு விளிம்பை நோக்கி வந்தது. விளிம்பைப் பிடித்துவிட்டால் பிழைப்பு. ஆனால் விளிம்பில் ஒருவர் தொங்கினால் இன்னொருவருக்கு இடமில்லை. பியூலாவின் கை யோசிக்கவே இல்லை. விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு பொடித்தாவல், தரையைத் தொடும் முன்னால் ஸ்டிக்கைச் சாய்வாய் அழுத்தித் தடுப்புப் பித்தான், பழுப்புக் கீரி முதுகுப்பக்கமாய்த் தரையில் வழுக்கிக்கொண்டே போய் மேடையை விட்டு நழுவி, நழுவின வேகத்திலேயே விளிம்பைக் கப்பென்று பிடித்தது. பிடிக்க இடமில்லாமல் வெள்ளைக் கீரி கீழே போயிற்று. அவ்வளவு சுத்தம். மனசு ஒரு நொடி குளிர்ந்தது. அப்போது பின்னாலிருந்து, பிளாஸ்டிக் நாற்காலி முப்பதும் சேர்ந்து, கூரைத் தகரம் அதிரக் கத்தினார்கள்: “சுகி வழுக்கு! ஏல, சுகி வழுக்கு போட்டுட்டாங்கல!” ஒருவன் இன்னும் தெளிவாய்ச் சொன்னான், “சுகியக்கா வித்தையை வச்சே சுகியக்காவைத் தூக்கிட்டாவ.” சிரித்தார்கள். சுகிர்தாவும் சிரித்தாள், திரும்பாமல், “பரவால்லட்டி, நல்லாப் படிச்சிருக்கே,” என்றாள். படிச்சிருக்கே. அந்த வார்த்தை பியூலாவின் காதில் போய்த் தொண்டையில் மீன்முள்ளாய்க் குத்திக்கொண்டது. விழுங்கினாலும் குத்தும், துப்பினாலும் வராது. என் வீட்டுக்குள் நான் போனதற்கு என்னைத் திருடி என்கிறார்களே. இனி அதைத் தொடமாட்டேன். தொட்டால் அவள் பேரைக் கத்துவார்கள், நான் ஒவ்வொரு தரம் போடும்போதும் அவள் பேர்தான் கெட்டியாகும், என் கையாலேயே அவள் பேரைச் சுவரில் எழுதுகிற மாதிரி. தொடமாட்டேன். அந்த முடிவு எடுத்த நேரத்துக்குள் மூன்று உதை வாங்கிவிட்டாள்.

எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்டால் அவளுக்கே முழுசாய்ச் சொல்லத் தெரியாது. எட்டு மணி நேரம் ஐஸ் தண்ணீருக்குள் கை, தலையைக் கிள்ளு, ஓட்டை உரி, நரம்பை இழு, தட்டில் போடு, தலையைக் கிள்ளு. கையுறை போட்டாலும் குளிர் உள்ளே வந்துவிடும், வந்தால் போகாது, சாயந்தரம் வேனில் வருகிறபோது விரல் பத்தும் யாரோ வைத்துக்கொள்ளக் கொடுத்த விரல் மாதிரி மடியில் கிடக்கும். ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடையில் மெஷினில் பெருவிரலை வைத்தால் சிவப்பு விளக்குத்தான், “விழலம்மா, துடைச்சிட்டு வையுங்க,” துடைத்து வைத்தாலும் விழாது, பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அந்த விரலோடுதான் இந்தக் கடைக்கு வருவாள், ஆறு மணிக்கு, சோபாவில் ஒரு மூலை. இங்கே வந்தால் மட்டும் அந்தக் கை அவள் சொன்னதைக் கேட்கும், அல்லது கேட்கிற மாதிரி இருக்கும். ஒரு நாள் ஸ்டிக்கைச் சாய்த்தது அதிகமாகிக் கீரி தானாக வழுக்கிப் போய் விளிம்பில் தொங்கிற்று. என்ன இது? மறுபடி போட்டாள், வரவில்லை. நாலு மாசம். ஒரு மழை நாளில் கரண்டு போய் வந்த பிறகு தொடர்ந்து பதினோரு தரம் வந்தது, அவள் யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்கு நடந்து போனாள், வழியெல்லாம் பெருவிரல் காற்றில் சாய்ந்து சாய்ந்து அமுக்கிக்கொண்டே வந்தது. மறுநாள் சொன்னது சுகிர்தாவிடம். யாரிடம் சொல்லுவாள் வேறே? விரல் வீங்கிக் கிடந்த வருஷம் தேங்காயெண்ணெயைச் சுடவைத்துக் கொண்டுவந்து ஒவ்வொரு விரலாய்த் தேய்த்துவிட்டவள். “இந்தச் சோலிக்கு முழுக்குப் போடுட்டி, வேற பாப்போம்,” என்று திட்டிக்கொண்டே தேய்த்தவள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது பியூலா சொன்னாள், உப்பளத்தில் ஈர வரப்பு மேல் கால் வைத்தால் ஒரு வழுக்கு வழுக்குமே, விழாமல் சமாளிக்கிற வழுக்கு, அது மாதிரி. சுகிர்தா கைதட்டிச் சிரித்தாள். “எங்கருந்துட்டி பிடிக்கே இதையெல்லாம்? யார்ட்டயும் சொல்லமாட்டேன், போட்டியில வச்சு நீ இறக்கு, எல்லாவனும் வாயைப் பொளக்கட்டும்.”

கம்பெனிச் சாப்பாட்டு அறையில்தான் பார்த்தாள், கூட வேலை பார்க்கிற ஒருத்தியின் போனில் ஓடின வழுக்குப்பிடி வீடியோவை. “ஏ பியூலா, இது ஒன் கூட்டாளிதானே? என்னா மூளை பாரேன், நாப்பதாயிரம் பேர் பாத்திருக்கான்.” சுகிர்தா முகம். நல்ல வெளிச்சம் வைத்து எடுத்திருந்தாள், முடியைப் பின்னால் கட்டி. “நண்பர்களே, ரொம்ப நாளா நான் ஆராய்ச்சி பண்ணி...” சோற்றை மென்றுகொண்டிருந்த பியூலா மெல்லுவதை நிறுத்தினாள். நான். ஆராய்ச்சி. அதெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள், பேச வந்தவள் பேசுவாள். அடுத்து சுகிர்தா சொன்னாள், “உப்பளத்துல ஈர வரப்பு மேல கால் வச்சா ஒரு வழுக்கு வழுக்கும் பாத்திருக்கீங்களா?” உப்பளத்தை அவள் பஸ்ஸிலிருந்துதான் பார்த்திருக்கிறாள். அந்த வரப்பில் பியூலாவின் அம்மா வழுக்கி விழுந்து முட்டி பெயர்ந்தது. அம்மாவின் முட்டியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டாளே. சுகிர்தாவுக்குப் போன் போட்டாள். “ஏட்டி, நீ போடப் போறதில்லயே. ஒனக்கு எங்க நேரம், எங்க பேச வருது? யாராவது ஒருத்தர் போட்டாத்தானே நாலு பேருக்குத் தெரியும். நம்ம ரெண்டு பேருதுதானட்டி.” நம்ம ரெண்டு பேருது. அப்படியென்றால் உன் பேர் மட்டும் ஏன், என்று கேட்க நினைத்தாள், கேட்டது, “சாப்ட்டியா?” என்று. பழக்கம். வெட்கம் கெட்ட பழக்கம். இப்போது திரையில் ஐந்து நிமிஷம் பத்து நொடி மிச்சம், பியூலாவின் எண் நூற்று இருபது. ஓர் உதை. பறக்கிறபோது ஸ்டிக்கைப் பறக்கிற திசைக்குக் குறுக்காய்ப் பிடித்தால் வளைந்து போய்ப் பிழைக்கலாம், அது அவளுக்குத் தூக்கத்தில்கூட வரும், ஆனால் அந்த நேரம் அவள் சாப்பாட்டு அறையில் இருந்தாள், சோறு வாயில் இருந்தது. பழுப்புக் கீரி நேராய்ப் போய்த் திரைக்கு வெளியே வெடித்தது. ஆளுக்கு இரண்டு உயிர் மிச்சம்.

“மூச்சு விடுட்டி,” என்றாள் சுகிர்தா மெதுவாய், கூட்டத்துக்குக் கேட்காமல். அன்பாய்த்தான் சொன்னாள். அதுதான் கொடுமை, அன்பாய்ச் சொன்னாள். பயந்தால் பியூலா மூச்சை அடக்கிக்கொள்ளுவாள் என்று தெரிந்த ஒரே ஆள். எப்போது இடதுபக்கம் உருளுவாள், எப்போது தடுப்பைப் பிடித்துக்கொண்டு குறுகுவாள், அடிபட்டதும் கோபத்தில் ஒரு தரம் தாவியே தீருவாள், எல்லாம் தெரியும். வேறு யாராவது எதிரே இருந்தால் கையைப் பார்த்து விளையாடுவான். இவள் உள்ளே பார்த்து விளையாடுகிறாள். கதவைத் திறந்து வைத்தது யார்? நான்தான். தோள் இடிக்க உட்கார்ந்தால் கதவு திறக்கத்தான் செய்யும். அவளுடைய தோள்கூட வெதுவெதுப்பாய் இருந்தது, அந்தச் சூடு சட்டைத் துணி வழியாய் வந்தது, அதைப் பிடிக்காமல் போகவில்லை பியூலாவுக்கு, அதற்காகத் தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்ததும் தாவினாள். தாவுவாள் என்று காத்திருந்த வெள்ளைக் கீரி கீழேயிருந்து எற்றியது. மேடைக்கு வெளியே. இன்னும் ஒரு தாவல் மிச்சம், விளிம்பு கிட்டத்தான். போட்டாள். வெள்ளைக் கீரி விளிம்புக்குப் பக்கத்தில் உள்பக்கமாய் ஓர் அரை எட்டு வைத்தது, பொடித்தாவல் தாவியது, முதுகுப்பக்கம் வழுக்கி வந்து விளிம்பைக் கப்பென்று பிடித்தது. பிடித்ததும் சுகிர்தா வலது கையைக் கன்ட்ரோலரிலிருந்து எடுத்துக் கூட்டத்தைப் பார்த்துத் தூக்கினாள். எப்போதும் அப்படித்தான், வீடியோவிலும் அப்படித்தான். “சுகி வழுக்கு!” கூரைத் தகரம். பழுப்புக் கீரி கையை நீட்டிக்கொண்டே கீழே போயிற்று. பியூலாவுக்கு ஒன்று, சுகிர்தாவுக்கு இரண்டு. மூன்று நிமிஷம் ஐம்பது நொடி. தன் வித்தையாலேயே சாகிறது எப்படி இருக்கும் என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது.

ஆனால் அவள் மனசு சாவில் நிற்கவில்லை, அந்த அரை எட்டில் போய் மாட்டிக்கொண்டது. உள்பக்கம் அரை எட்டு. வெளிப்பக்கம் வழுக்க வேண்டியவள் எதற்கு உள்பக்கம் ஒரு சின்னக் கால் வைக்கிறாள்? வீடியோவில்கூட அதைத்தான் விரல் நீட்டிச் சொன்னாள், ஞாபகம் வந்தது, “நண்பர்களே, இந்த அரை எட்டுதான் உயிர், இதை விட்டா வழுக்கு வராது.” நாற்பதாயிரம் பேர் அந்த அரை எட்டை வைத்துப் பழகுகிறார்கள். இவளே சேர்த்தாளோ? பியூலாவுக்குப் பயம் வந்தது: நான் கண்டுபிடித்தது பாதிதானோ, அரை எட்டு வைத்து முழுசாக்கினது அவளோ, அப்படியென்றால் நம்ம ரெண்டு பேருது என்று அவள் சொன்னது நிஜம்தானோ, ஐந்து வாரமாய் ஓர் உண்மையைச் சொன்னவளைப் போய் நான்... இல்லை. நான் போட்டபோதும் அரை எட்டு இருந்தது. முதல் உயிரில் என் கீரியும் வைத்தது, இப்போதுதான் மனசில் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன், வைத்தது. எதற்கு வைக்கிறேன்? கை தானாக வைக்கிறது. எதற்கு? வெள்ளைக் கீரி துரத்த, பழுப்புக் கீரி மேடையைச் சுற்றிச் சுற்றி ஓடியது, கூட்டம் “ஏ, நின்னு அடிங்கக்கா,” என்றது, பியூலா ஓடிக்கொண்டே தன் பெருவிரலைப் பார்த்தாள். திரையைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தாள். விளையாட்டில் செய்யக்கூடாத முதல் காரியம் அது. விரல் ஸ்டிக்கை உள்பக்கம் ஒரு தட்டுத் தட்டியது. இருக்கியா என்று கேட்கிற மாதிரி. ஆமாம். மரத்துப் போன விரலுக்கு ஸ்டிக் அடியில் இருக்கிறதா இல்லையா தெரியாது. சாய்க்கும் முன்னால் ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொள்ளும், சூடாய் இருக்கிற நாளிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. அந்தத் தொடலுக்குத் திரையில் கீரி அரை எட்டு வைக்கும். அவ்வளவுதான் அது. ஐஸ். எட்டு மணி நேர ஐஸ். அதை வித்தை என்று நினைத்து, உரித்த தோலையும் சேர்த்து விழுங்கின மாதிரி, அப்படியே எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். சுகிர்தாவின் விரலுக்கு என்ன? நல்ல சூடான விரல். எண்ணெய் தேய்த்துவிட்ட விரல். இந்தப் பெருவிரலைத் தன் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து எத்தனை நாள் தேய்த்திருக்கிறாள், இது எதற்குத் தட்டுகிறது என்று ஒரு நாள் கேட்கத் தோன்றவில்லை அவளுக்கு. வீடியோ போட்டதைவிட அது வலித்தது. வித்தையைப் பார்த்திருக்கிறாள், விரலைப் பார்க்கவில்லை. சிரிப்பும் வந்தது, பாருங்கள், நாற்பதாயிரம் பேர், எங்கெங்கேயோ, ஏசி ரூமிலும் மெத்தையிலும் உட்கார்ந்துகொண்டு, தூத்துக்குடி எறால் கம்பெனிக் குளிருக்கு ஆளுக்கு ஒரு தட்டுத் தட்டுகிறார்கள்.

“என்னட்டி சிரிக்கே?” என்றாள் சுகிர்தா. முதல் தரம் அவள் குரலில் ஒரு சின்ன ஆட்டம். பியூலா மூச்சு விட்டாள். இன்றைக்கு விரல் சூடாய் இருக்கிறது, தொட்டுப் பார்க்க வேண்டியதே இல்லை, ஸ்டிக்கின் நுனியில் இருக்கிற புள்ளிகள்கூடத் தெரிகின்றன, ஒன்று, இரண்டு, மூன்று, இத்தனை நாள் இவை எங்கே இருந்தன? ஒரு பழைய வேலை இருக்கிறது, யார் வேண்டுமானாலும் செய்யலாம்: ஒரே காரியத்தை இரண்டு தரம் செய்துகாட்டு, மூன்றாவது தரம் அதைச் செய்யப்போகிற மாதிரி போய்ச் செய்யாதே. பழுப்புக் கீரி தாவி வந்து உதைத்தது, வெள்ளைக் கீரி தடுத்தது. தாவி வந்து உதைத்தது, தடுத்தது. கோபக்காரி தாவுகிறாள் என்று சுகிர்தாவின் முழங்கை லேசாய் இறுகுவது தோளில் தெரிந்தது, தோள் இடிக்க உட்கார்ந்தால் கதவு இரண்டு பக்கமும் திறக்கும் இல்லையா? மூன்றாவது தரம் தாவி வந்து உதைக்காமல் பேசாமல் இறங்கிற்று, தடுப்புக்குள் குறுகியிருந்த வெள்ளைக் கீரியைக் கழுத்தில் பிடித்தது, மேலே தூக்கிப் போட்டது, விழ விழ எற்றியது. தொண்ணூறு, நூற்றுப்பத்து, நூற்றிருபத்தைந்து. கடைசி எற்றில் வெள்ளைக் கீரி உச்சியில் போய் வெடித்தது. வழுக்குப்பிடியைத் தொடவே இல்லை. கூட்டம் என்ன பேரைக் கத்துவது என்று தெரியாமல் வெறுமனே “ஓ” என்றது. ஆளுக்கு ஒன்று. ஒரு நிமிஷம் நாற்பது நொடி. “ஏ தாயி, இப்பத்தாம்மா விளையாடுதே,” என்றார் அண்ணாச்சி, யாரைச் சொன்னார் என்று காட்டிக்கொள்ளாமல்.

அதற்குப் பிறகு சுகிர்தாவும் சும்மா இல்லை, கெட்டிக்காரி இல்லையா, நெருங்கவே விடவில்லை, தூரத்திலிருந்தே தட்டித் தட்டி எண்ணை ஏற்றினாள். பியூலாவுக்கு நூற்று நாற்பது, சுகிர்தாவுக்கு நூற்றைந்து. நாற்பது நொடி. தோற்றால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது, தோற்றால் சுவரில் அவள் பேர் இருக்கும், நான் தினம் ஆறு மணிக்கு வந்து அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும், இல்லை, வரமாட்டேன், வராமல் எங்கே போவேன், இந்த ஒரு மணி நேரத்தை விட்டால் கை வேறு எங்கே என் கையாய் இருக்கும். அடி விழுந்தது. பழுப்புக் கீரி மேடையை விட்டு வெளியே, தூரமாய், உயரமாய். இந்தத் தரம் கை ஸ்டிக்கைக் குறுக்காய்ப் பிடித்தது, கீரி வளைந்து பிழைத்தது, இறங்குகிறது. ஒரே ஒரு தாவல். விளிம்புக்குப் போனால் அவள் வழுக்கி வந்து பிடித்துக்கொள்ளுவாள். மேலே தாவி மேடைக்கே வந்தால், அவள் மேடையில் நின்றுகொண்டிருந்தால் இறங்க இறங்க எற்றுவாள், நூற்று நாற்பதுக்கு ஓர் எற்றுப் போதும். இரண்டில் ஒன்று. அவள் எதைச் செய்யப்போகிறாள் என்று தெரிந்தால் போதும், ஒரு கண்சிமிட்டு முன்னால் தெரிந்தால் போதும். பியூலா விழுந்துகொண்டே பார்த்தாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை, எண்ணைப் பார்க்கவில்லை, வெள்ளைக் கீரியின் காலை மட்டும் பார்த்தாள். வை. வைப்பாயே. என் விரலை நீ வைத்திருக்கிறாயே, அதை வை. வெள்ளைக் கீரி உள்பக்கம் அரை எட்டு வைத்தது. பியூலா மேலே தாவினாள். கீழே வெள்ளைக் கீரி வழுக்கிப் போய், கப்பென்று, பிடிக்க யாரும் வராத விளிம்பைப் பிடித்தது, கூட்டம் எழுந்துவிட்டது, “சுகி வழுக்கு!” சுகிர்தா வலது கையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். பழுப்புக் கீரி அவள் தலைக்கு மேலாய் வந்து மேடையில் இறங்கிற்று. விளிம்பைப் பிடித்த ஆளை முதல் ஒரு நொடி யாரும் தொட முடியாது, அது இந்த விளையாட்டின் சட்டம். பியூலா காத்திருந்தாள். அந்த நொடியில் பக்கத்திலிருக்கிற முகத்தைப் பார்த்தாள், சிரித்துக்கொண்டிருந்த முகம், பிடித்த முகம், எண்ணெய்க் கிண்ணத்தைத் துணியில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்ற முகம். ஏட்டி, திரும்பிப் பார் என்று சொல்லியிருக்கலாம். நொடி முடிந்தது. ஸ்டிக்கைக் கீழே சாய்த்து உதைத்தாள்.

சத்தம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சுகிர்தா திரையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், பியூலாவைப் பார்த்தாள். “எப்படிட்டி தெரிஞ்சுது? நான் விளிம்புக்குப் போவேன்னு எப்படித் தெரிஞ்சுது?” நிஜமாய்க் கேட்டாள். அவளுக்கு இன்னும் தெரியவில்லை. அதைப் பார்த்ததும் பியூலாவுக்கு ஜெயித்தது பாதியாய்ப் போயிற்று. அண்ணாச்சி மார்க்கரைக் கொடுத்தார், கூட்டம் வழி விட்டது. சுவரில் பதிமூன்று வருஷத்து வித்தை, பதிமூன்று பேர். அதற்குக் கீழே வெறும் இடம். சுகிர்தா பின்னாலேயே வந்து காதுக்குள் சொன்னாள், “எழுதுட்டி, ஒன் பேரே எழுது. என் பேரையும் கீழ சின்னதாப் போடுவியா? எல்லாரும் பாக்காவ.” பியூலா எழுதத் தொடங்கினாள், அவளுக்கு எழுத்து அவ்வளவு அழகாய் வராது, ஒவ்வொன்றாய் வைத்தாள். வழுக்குப்பிடி. அதற்குக் கீழே: உள்பக்கம் அரை எட்டு வேண்டாம். அது விரல் மரத்துப்போன ஆளுக்கு மட்டும். கூட்டத்தில் யாரோ உரக்கப் படித்தார்கள், யாரோ “அப்போ சுகியக்கா வீடியோவில...” என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்கள். சுகிர்தா அந்த வரியை இரண்டு தரம் படிப்பது தெரிந்தது. இரண்டாவது தரம் படிக்கிறபோது அவள் பார்வை மெள்ள இறங்கிப் பியூலாவின் இடது கையில் வந்து நின்றது. “பேரு எழுதலயேம்மா,” என்றார் அண்ணாச்சி, “கண்டுபிடிச்ச ஆளு பேரு?” பியூலா மார்க்கரின் முனையால் இடது பெருவிரலை முழுக்கக் கறுப்பாக்கினாள், பேர் எழுதுகிற இடத்தில் வைத்து, அழுத்தி, எடுத்தாள். சுவரில் ஒரு ரேகைகூட இல்லாத கறுப்பு வட்டம் ஒன்று விழுந்தது. அது காய்கிறவரைக்கும் அவள் வாயால் ஊதிக்கொண்டு நின்றாள்.